சொந்த வீடு – 9: வில்லங்கத்தில் வராத பாக்கி

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வரும் சாலையில் எந்த மனைப்பிரிவுக்குள் நுழைந்தாலும் பாதியில் நிற்கிற வீடு ஒன்று கண்ணில் படும். சிலது லிண்டல் மட்டத்தோடு சரி. சிலதுக்குத் தளம் போட்டாயிற்று, பூச்சு இல்லை. கார் தொழிற்சாலைகளை நம்பி மனை வாங்கி, கடனில் கட்டத் தொடங்கி, நடுவில் கை வறண்டவர்கள் விற்பது. விலையைக் கேட்டால் ஆசை வரத்தான் செய்யும்.

வில்லங்கச் சான்று பார்ப்பதைச் சென்ற வாரம் சொன்னேன். வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் பதிவாகியிருந்தால் அதில் வந்துவிடும். மேஸ்திரியின் கூலி பாக்கி வராது. ஹார்டுவேர் கடைக் கணக்கும், சென்ட்ரிங் பலகை வாடகையும் வராது. அதெல்லாம் விற்பவர் பட்ட கடன், நமக்கென்ன என்று கேட்கலாம். சட்டப்படி சரிதான். ஆனால் நாளை நாம் கூப்பிடப்போகிற மேஸ்திரி, பழைய மேஸ்திரிக்கு மச்சானாகவோ பங்காளியாகவோ இருப்பார். கணக்குத் தீராத இடத்தில் கரண்டி எடுக்க மாட்டார். மின்கட்டண பாக்கியின் கதையே வேறு. வாரிய விதியில் இடமிருந்தால் அதைப் புது உரிமையாளரிடமே வசூலிக்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே பழைய மேஸ்திரியையும் கூட உட்கார வையுங்கள். அவர் பாக்கியை அந்தப் பணத்திலேயே தீர்த்து, கையெழுத்து வாங்கிவிடுங்கள். அஸ்திவாரம் எத்தனை அடி, அடியில் களிமண்ணா மணலா, எத்தனை எம்.எம். கம்பி என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பாலாற்றங்கரை மணலும் தென்னேரிப் பக்கத்து ஏரிமண்ணும் ஒன்றல்ல.

பிறகு மாடிக்கு ஏறுங்கள். அடுத்த மாடிக்கென்று நீட்டி விட்ட பில்லர் கம்பிகள்தான் முதல் சாட்சி. கம்பி பிரஷ்ஷால் அழுத்தித் தேயுங்கள். செந்தூள் உதிர்ந்து உள்ளே முழுக்கம்பி தெரிந்தால் கவலை வேண்டாம். சிமென்ட் பால் பூசி வைத்தால் போதும். செதில் செதிலாகப் பெயர்ந்து கம்பி மெலிந்திருந்தால், குறிப்பாகக் கான்கிரீட்டை விட்டு வெளிவரும் இடத்தில், பொறியாளரைக் கூப்பிடாமல் பேச்சை நகர்த்தாதீர்கள். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, மறுநாள் அடியில் ஈரம் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பத்திரத்தில் வெறும் மனை என்று எழுதிவிடலாம், செலவு மிச்சம் என்பார்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் கண்ணை உறுத்தும்தான். இருந்தாலும் கட்டடத்தை மறைப்பது தீர்வை ஏய்ப்பு. நாளைக்கு வங்கிக் கடன் கேட்கும்போதும் இடிக்கும். கட்டட அனுமதி யார் பெயரில் இருக்கிறது, காலாவதியாகிவிட்டதா, நிற்கிற சுவர் வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை வாங்கும் முன்பே பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ கேட்டுவிடுங்கள். 2,500 சதுர அடி வரையிலான மனைக்கு 2024 ஜூலையில் வந்த சுயசான்று அனுமதி புதிதாகக் கட்டுபவர்களுக்கு வசதி. பாதியில் நிற்கும் சுவரை அது தானாக நேராக்கிவிடாது.

மிச்ச வேலைக்குச் சதுர அடி ரேட் பேசாதீர்கள். அந்த ரேட் அஸ்திவாரத்திலிருந்து போட்ட கணக்கு. பூச்சுக்குத் தனி, தரைக்குத் தனி, வயரிங்குக்கு பாயின்ட் கணக்கு என்று பிரித்து எழுதுங்கள். பழைய சுவரில் விரிசல் வந்தால் யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். புது மேஸ்திரி முதலில் முகம் சுளிப்பார், எழுதித்தான் ஆகவேண்டும்.

(தொடரும்)