தீவிர நிணநீர்ப் புற்றுநோயும் மூலக்கல மாற்றீடும்

‘மூலக்கல மாற்றீடு’ என்னும் தொடர் பொது வாசகரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச்செல்வதுண்டு. ஏற்றப்படும் கலங்களே நோயை எதிர்த்து அழிக்கின்றன எனப் பலர் கருதுவர். லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய்க்குப் பெரிதும் கையாளப்படும் தன்மூலக்கல மாற்றீட்டைப் பொறுத்தவரை இது உண்மையன்று. நோயை அழிப்பது மருந்து. அம்மருந்து விளைக்கும் அழிவிலிருந்து நோயாளியை மீட்பதே கலங்களின் பணி.

புற்றுக்கலங்களைக் கொல்லும் மருந்தின் அளவைக் கூட்டுந்தோறும், குருதிக் கலங்களை ஆக்கும் என்பு மச்சை பெருஞ் சேதமடைகின்றது. மச்சை அழிந்தவர் தொற்றினாலோ குருதிப் பெருக்கினாலோ இறக்க நேரிடும். ஆகவே, களை மண்டிய வயலுக்குத் தீயிடுமுன் விதைநெல்லை ஒதுக்கி வைப்பதுபோல, நோயாளியின் மூலக்கலங்களை அவரது குருதியினின்றும் முன்னரே பிரித்தெடுத்து உறைநிலையிற் பேணுவர். அதன் பின்னர் கார்முஸ்தீன், மெல்பலன் முதலிய மருந்துகள் சில நாட்களுக்கு உயரளவில் ஏற்றப்படும். பேணிய கலங்கள் நாளத்தினூடாகத் திரும்பச் செலுத்தப்பட்டதும், அவை தாமே மச்சையை நாடிச் சென்று, ஏறக்குறைய இரு வாரங்களிற் குருதியாக்கத்தைத் தொடங்குகின்றன.

இம்முறையின் பெறுமதியை நிறுவியது, 1995 இல் வெளியான, இத்தாலிய நகராகிய பார்மாவின் பெயரால் வழங்கும் ஆய்வாகும். நோய் மீண்ட 215 பேருள் வழமையான மருந்துக்கு நோய் இணங்கிய 109 பேரே இரு பிரிவாக்கப்பட்டனர். ஐந்தாண்டுகளின் பின் நோய் மீளாது வாழ்ந்தோர் மாற்றீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 46. மற்றைய பிரிவில் 12. இவ்வெண்களை எடுத்துக்காட்டுவோர், ஏறத்தாழ அரைப்பங்கினர் ஒப்பீட்டுக்கே வந்துசேரவில்லை என்பதைப் பெரும்பாலும் கூறுவதில்லை. மருந்துக்கு இணங்காத நோயை அதே வகை மருந்தின் அளவைக் கூட்டி வெல்லுதல் அரிது. மாற்றீட்டின் எல்லை இங்குதான் உள்ளது.

பின்னர் றிற்றுக்சிமாப் என்னும் பிறபொருளெதிரி முதற் சிகிச்சையோடு சேர்க்கப்பட்டது. முதலிலேயே குணமடைந்தோர் பெருகினர். ஆயின் அதனையும் மீறி ஓராண்டுக்குள் மீண்ட நோய் முன்னையதிலும் கடினமானதாயிற்று. இத்தகையோர் 359 பேரை உள்ளடக்கிய ஆய்வொன்று 2021 இல் வெளியாயிற்று. அதில் மாற்றீட்டுக்கென ஒதுக்கப்பட்டோருள் ஏறக்குறைய மூன்றிலொருவரே மாற்றீடுவரை செல்ல முடிந்தது. மறு பிரிவினர் பெற்றது கார்-ரீ சிகிச்சை. நோயாளியின் ரீ-கலங்களை எடுத்து, புற்றுக்கலத்தை இனங்காணுமாறு மரபணுவை மாற்றித் திரும்பச் செலுத்தும் முறை இது. இங்கு கலங்களே போரிடுகின்றன. நான்காண்டளவில் உயிரோடிருந்தோர் கார்-ரீ பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 55, மற்றையதில் 46. அமெரிக்காவில் 2022 இல் இதற்கு அனுமதி கிடைத்தது.

எனினும் மாற்றீடு வழக்கொழிந்துவிட்டதெனக் கூறுதல் அவசரமாகும். ஓராண்டு கழிந்து மீண்டு, மருந்துக்கு இணங்கும் நோய்க்கு இன்றும் அது ஏற்ற சிகிச்சையே. விலையையும் நோக்கவேண்டும். இவ்வகைக் கார்-ரீ மருந்தொன்று 2017 இல் அமெரிக்காவில் 373,000 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. வைத்தியசாலைச் செலவு வேறு. மும்பாயில் இந்தியத் தொழினுட்பக் கழகமும் டாட்டா நினைவு நிலையமும் சேர்ந்து உருவாக்கி, 2023 இல் இந்திய அனுமதி பெற்ற கார்-ரீ அதனிலும் மிக மலிவானது. அதுவும் எட்டாத இடங்களில், மருந்துக்கு நோய் இணங்குகின்றதா என்பதே வைத்தியர் முதலிற் பார்க்கவேண்டியது. இணங்குமாயின், ஓராண்டுக்குள் மீண்டவருக்கும் உறைநிலையிற் பேணிய அவரது சொந்தக் கலங்கள் ஒரு வழியைத் திறந்தே வைத்திருக்கின்றன.