உங்களுக்குத் தெரியுமா? ஜப்பானில் மணி அடிக்கத் தடை!

● டோக்கியோவில் சைக்கிளுக்கு மணி கட்டாயம். அடிக்கத்தான் கூடாது! நடந்து போகிறவரை ‘ஒதுங்கு’ என்று மணியடித்து விரட்டினால் சாலை விதிப்படி குற்றம். ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியே இல்லையென்றாலோ, ‘இங்கே ஒலி எழுப்புக’ என்று பலகை இருந்தாலோ மட்டும் அடிக்கலாம். மற்றபடி பிரேக்கைப் பிடித்தபடி பின்னாலேயே பொறுமையாக உருட்ட வேண்டியதுதான். குடை பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுவதும் தடை.

● நாரா பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் கட்டின்றித் திரிகின்றன. 1957 முதல் அவை அரசு பாதுகாக்கும் இயற்கைச் சின்னம். அங்குள்ள எச்சரிக்கைப் பலகையில் நான்கு படங்கள்: கடிக்கும், உதைக்கும், முட்டும், கீழே தள்ளும். அதைப் படித்து முடிப்பதற்குள் ஒரு மான் வந்து சட்டையை இழுக்கும். மானுக்குக் கொடுக்கவென்றே தவிட்டு பிஸ்கட் விற்கிறார்கள். சர்க்கரை கிடையாது. பிஸ்கட் கட்டைச் சுற்றியிருக்கும் காகிதத்தைக்கூட மான் தின்னலாம், அதற்கேற்பத்தான் தயாரிக்கிறார்கள். நாம் குனிந்து வணங்கினால் பல மான்கள் பதிலுக்குத் தலை குனிகின்றன. பிஸ்கட் தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுங்கள். மரியாதை அதோடு சரி, மான் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடும்.

● 2017 நவம்பரில் ஸுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது. பயணிகள் யாரும் புகார் செய்யவில்லை. நிறுவனமே அறிக்கை விட்டு மன்னிப்புக் கேட்டது! ரயில் தாமதமானால் ‘ஆமாம், எங்களால்தான்’ என்று சான்றுச் சீட்டு தருவார்கள். ஆபீஸில் காட்டித் தப்பிக்கலாம்.

● டோக்கியோ சுரங்க ரயிலில் ஒழுக்கம் சொல்லும் போஸ்டர்கள் 1974 முதல் வருகின்றன. இவை தனி ரகம். இரண்டு பேர் இடத்தை அடைத்து உட்காருகிறவர்களைக் கண்டிக்க 1976இல் சாப்ளினின் ‘சர்வாதிகாரி’ வேடத்தைப் போட்டார்கள். குடையை மறக்காதீர்கள் என்று சொல்ல மர்லின் மன்றோ வந்தார். 2008இல் தொடங்கிய மஞ்சள் போஸ்டர் வரிசை இன்னும் குறும்பு: ரயிலில் ஒரு பெண் மேக்கப் போடுகிறாள், ஒருவர் குடித்துவிட்டு இருக்கையில் நீட்டிப் படுத்திருக்கிறார். மேலே பெரிய எழுத்தில், ‘இதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்’. கண்ணாடி போட்ட ஓர் ஆள் ஒவ்வொரு போஸ்டரிலும் வந்து, எல்லாவற்றையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அபராதம், தண்டனை என்று ஒரு வார்த்தை கிடையாது. மிரட்டுவதைவிட வெட்கப்பட வைப்பது மலிவு என்று கண்டுகொண்டவர்கள்!

● சாலையில் பள்ளம் தோண்டினால், ஹெல்மெட் போட்ட ஊழியர் தலை குனிந்து மன்னிப்புக் கேட்கும் படத்தை நட்டுவைப்பார்கள். தடுப்புக் கம்பியைத் தாங்கி நிற்பது தவளை, குரங்கு, முயல் பொம்மைகள்.

● சுவரோரம் சிறுநீர் கழிப்பதைத் தடுக்க நம்மூரில் சாமி படம் ஒட்டுவார்கள். அங்கே ஷின்டோ கோயிலின் சிவப்பு நுழைவாயிலை, டோரியை, சின்னதாகச் செய்து சுவரடியில் வைக்கிறார்கள். குப்பை போடுகிறவருக்கும் அதே வைத்தியம். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு நாடும் ஒன்று.

● இரவு விடுதியில் ‘நடனமாடாதீர்கள்’ என்ற பலகையைப் பார்த்திருக்கிறீர்களா? 1948ஆம் ஆண்டுச் சட்டம் நள்ளிரவுக்குப் பிறகு ஆடத் தடை போட்டிருந்தது. பாட்டு உண்டு, மது உண்டு, ஆட்டம் மட்டும் கிடையாது. 2016இல்தான் தளர்த்தினார்கள். அதிலும் ஒரு நிபந்தனை: விடிய விடிய ஆடலாம், ஆனால் வெளிச்சம் 10 லக்ஸுக்கு மேல் இருக்க வேண்டும். இடைவேளையில் சினிமா தியேட்டரில் இருக்குமே, ஏறக்குறைய அந்த அளவு.

● எஸ்கலேட்டரில் டோக்கியோக்காரர் இடப்பக்கம் நிற்பார், ஒசாகாக்காரர் வலப்பக்கம் நிற்பார். அவசரக்காரர்கள் மறுபக்கமாக ஏறி ஓடுவார்கள். ஓடவே கூடாது, நின்றபடிதான் போக வேண்டும் என்று 2021இல் சைதாமா மாநிலம் விதி போட்டது. மீறினால்? அபராதம் எதுவும் இல்லை.

● வெட்கம் வேலை செய்யாத இடங்களும் உண்டு. டோக்கியோவின் சியோடா வட்டாரத்தில் தெருவில் புகைபிடித்தால் 2,000 யென் அபராதம். 2002 முதல் வசூலிக்கிறார்கள். கியோட்டோவின் கியோன் பகுதியில் கெய்ஷா கலைஞர்களைத் துரத்தித் துரத்திப் படம் பிடித்த சுற்றுலாக்காரர்களால், 2019இல் தனியார் சந்துகளில் புகைப்படத்துக்கே தடை வந்தது. பலகையில் போட்டிருக்கும் தொகை 10,000 யென். அங்கே தவளை பொம்மையெல்லாம் கிடையாது!

● இவ்வளவு சுத்தமான ஊரில் குப்பைத் தொட்டியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் நடந்த சரின் விஷவாயுத் தாக்குதலுக்குப் பிறகு, பாதுகாப்புக்காகப் பல இடங்களில் எடுத்துவிட்டார்கள். பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு தொட்டி நிற்கும். அதன் வாய் வட்டமாக, பாட்டிலும் கேனும் மட்டும் நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். மற்றதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் போட வேண்டும். காமிகட்சு என்ற மலையூரில் குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். ஆகவே ஜப்பானுக்கு டிக்கெட் போட்டிருப்பவர்களே, பாஸ்போர்ட்டோடு ஒரு காலி கேரி பேக்கையும் மறக்காமல் எடுத்து வையுங்கள்.