ஒரு மகன், மூன்று வரிகள்: கணினி ஆட்களை எண்ணும் விதம்

2010இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு, 2013இன் பரணகம ஆணைக்குழு, பின்னர் காணாமல் போனோர் அலுவலகம் என மூன்றிலும் ஒரே மகனுக்காக முறையிட்ட தாய்மார் நம்மிடையே உள்ளனர். இவ்விபரங்களைக் கணினியில் ஏற்றினால் ஆட்களுக்கு ஓர் அட்டவணை, முறைப்பாடுகளுக்கு இன்னொன்று. இரண்டையும் இணைத்தால் அந்த மகன் மூன்று வரிகளில் வருவான். வரிகளை எண்ணினால் மூன்று பேர்.

ஜாவாவில் ஹைபர்னேட் போன்ற மென்பொருள்கள், அவ்வரிகளை ஆளின் இலக்கப்படி சேர்த்து ஒரே 'ஆள்' ஒப்ஜெக்டாக்கி, அதற்குள் மூன்று முறைப்பாடுகளையும் அடுக்குகின்றன.

ஆனால் 'இன்னர் ஜொயின்' முறையில் இணைத்தால், ஊர்ப்பட்டியலில் பெயர் இருந்தும் எங்கும் முறையிடப்படாத பிள்ளை விடுபட்டுப்போவான். 'லெஃப்ட் ஜொயின்' அவனையும் வைத்திருக்கும்.

ஆகவே எந்த எண்ணிக்கை வெளிவந்தாலும் நான் முதலில் கேட்பது: எண்ணியது ஆட்களையா, முறைப்பாடுகளையா?