மத்தியஸ்தரை நியமிப்பது யார்?

சர்க்கார் இலாகா ஒன்றுக்குப் பாலமோ கட்டடமோ கட்டிக் கொடுத்த கண்டிராக்டருக்குச் சேரவேண்டிய தொகை முழுதும் வரவில்லையென்று வைத்துக்கொள்வோம். தகராறு நேர்ந்தால் மத்தியஸ்தத்தின் மூலமே தீர்த்துக்கொள்ள வேண்டுமென்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது. மத்தியஸ்தர் யாரென்று பார்த்தால், அவரையும் அவ்விலாகாவே நியமிக்குமென்று அடுத்த வரி சொல்லுகிறது! ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு கட்சிக்காரர் மட்டும் ஐந்து பேரையும் பொறுக்கி உட்காரவைத்தால், மற்றவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். கண்டிராக்டருக்கு அப்படிப் போகவும் வழியில்லை.

1940-ம் வருஷத்துச் சட்டத்தின் காலத்தில் இலாகாவின் இஞ்சினீயரே மத்தியஸ்தராக அமர்வது சகஜமாயிருந்தது; கோர்ட்டுகளும் அதைச் சகித்து வந்தன. 1996-ம் வருஷத்துச் சட்டத்தின் 18-வது பிரிவு, இரு கட்சியாரையும் சமமாக நடத்தவேண்டுமென்று விதித்தது. 2015-ல் செய்த திருத்தம் ஒரு கட்சியின் உத்தியோகஸ்தர் மத்தியஸ்தராவதையே தடுத்துவிட்டது. உடனே ஒரு சாமர்த்தியமான வாதம் கிளம்பிற்று. அதிகாரி தாம் அமரக்கூடாது, சரி, வேறொருவரை அமர்த்தலாமல்லவா? 2017-லும் 2019-லும் சுப்ரீம் கோர்ட் இதை நிராகரித்தது. முடிவில் பற்றுள்ளவர் தனி மத்தியஸ்தரை நியமிக்கவும் தகுதியற்றவர் என்பதே அத்தீர்ப்புகளின் சாரம்.

ஆயினும் 2019 டிசம்பரில் ரயில்வே வழக்கொன்றில் மூன்று நீதிபதிகள் வேறு விதமாகக் கண்டார்கள். அவ்வொப்பந்தத்தின் கணக்கை வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரிகள் நால்வருக்குக் குறையாத ஜாபிதாவை ரயில்வே அனுப்பும். கண்டிராக்டர் அதில் இருவரைக் குறிப்பிடுவார். அவ்விருவரில் ஒருவரையேனும் ஜெனரல் மானேஜர் ஏற்று, மற்றவர்களைத் தாமே நியமிப்பார். தலைவர் யாரென்பதையும் அவரே சொல்லுவார். ஆக, மூவரில் இருவர் ரயில்வே பொறுக்கியவர். மூன்றாமவரும் ரயில்வே கொடுத்த ஜாபிதாவிலிருந்து வந்தவராயிருப்பார். இதற்குச் சமநிலை என்று பெயரிட்டார்கள்! ஓய்வுபெற்ற அதிகாரிகளின் யோக்கியதையை நாம் சந்தேகிக்கவில்லை. அவர்களில் நேர்மையானவர் அநேகர். அவர்களைப் பொறுக்கும் உரிமை ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதே நமது ஆக்ஷேபம்.

2024 நவம்பர் 8-ந் தேதி ஐந்து நீதிபதிகளடங்கிய அரசியல் சாசன பெஞ்சு இக்குறையைத் தீர்த்தது. சமத்துவம் விசாரணையில் மட்டுமல்ல, நியமனத்திலும் வேண்டும். சர்க்கார் ஸ்தாபனம் ஜாபிதா வைத்துக்கொள்ளலாம், அதிலிருந்துதான் பொறுக்கவேண்டுமென்று எதிர்க் கட்சியை நிர்ப்பந்திக்கலாகாது. ஒரு கட்சியே நியமிக்கும் ஷரத்து, சர்க்கார் ஒப்பந்தங்களில் சாசனத்தின் 14-வது பிரிவுக்கு விரோதம் என்று மூவர் தீர்ப்பளித்தார்கள். மற்ற இருவர் சிற்சில விஷயங்களில் மாறுபட்டார்கள். கட்சிக்காரர்கள் மனமொப்பி எழுதிக்கொண்டதைப் பொதுப்பட அழிக்கலாகாதென்னும் கருத்துக்கு மதிப்புண்டு. ஆனால் டெண்டர் படிவத்தில் மனமொப்புதல் எங்கே இருக்கிறது? அச்சடித்த தாளில் ஓர் எழுத்தை மாற்றச் சொன்னால் டெண்டரே போய்விடும். லாரிக்குக் கடன் வாங்குகிறவர் கம்பெனிப் பத்திரத்தில் இடும் கையெழுத்தும் இத்தகையதே. தனியார் ஒப்பந்தத்திற்கு 14-வது பிரிவு எட்டாவிடினும், 18-வது பிரிவின் சமத்துவம் எட்டும்.

இனி நாம் அஞ்சுவது வேறொன்று. தகராறு எழுந்த பின்னர் எழுத்து மூலமாக வெளிப்படையாய்ச் சம்மதித்தால், 2015-ம் வருஷத்துத் தடையைக் கட்சிக்காரர்கள் விட்டுக்கொடுக்கலாமென்று சட்டமே அனுமதிக்கிறது. மனப்பூர்வமான சம்மதத்திற்கு இது நல்ல ஏற்பாடு. பில் தொகைக்காக மாதக்கணக்கில் நடக்கும் சிறு கண்டிராக்டரிடம் அத்தாளை நீட்டினால் அவர் எப்படி மறுப்பார்? ஆகையால் இலாகாக்கள் பழைய ஷரத்துக்களை டெண்டர் படிவங்களிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரு தரப்பும் இசையாவிடில் ஹைகோர்ட் மூலம் நியமனம் பெறலாமென்று 11-வது பிரிவிலேயே வழி இருக்கிறது. சம்மதப் பத்திரத்தைப் பில் பட்டுவாடாவோடு சேர்த்து எந்த அதிகாரியும் கேட்கலாகாதென்று மத்திய, மாகாண சர்க்கார்கள் உத்தரவு பிறப்பிக்க வேண்டும்.