கள்ளக்குறிச்சியிலிருந்து ரோமாபுரிக்கு!

ரோமாபுரியை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. சினிமாவில் பார்த்திருக்கிறோம்: ஆகாயத்தை முட்டும் தூண்கள், சிங்கத்தோடு மனிதன் மல்லுக்கு நிற்கும் வட்டரங்கம், வெள்ளை அங்கி தரித்த பிரபுக்கள். விமானக் கட்டணம் என்ன என்று விசாரித்த மாத்திரத்தில் ஆசை அடங்கிப் போகிறது. கவலைப்படாதீர்கள். கள்ளக்குறிச்சியில் விடிகாலையில் பஸ் ஏறுங்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குள் ரோமாபுரிச் சரக்கு வந்து இறங்கிய ஒரு பட்டினத்தின்மீது நின்றுகொண்டிருப்பீர்கள். பாஸ்போர்ட் வேண்டாம். கட்டுச்சோறு போதும்.

அந்த இடத்தின் பெயர் அரிக்கமேடு. புதுச்சேரிக்குச் சற்றுத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால், காக்காயந்தோப்பு என்ற ஊரை ஒட்டியிருக்கிறது. "நாங்கள் போய்ப் பார்த்தோமே, அங்கே ஒன்றும் இல்லையே!" என்று உங்களில் சிலர் சொல்வது காதில் விழுகிறது. அவர்களுக்காகத்தான் முக்கியமாக இந்தக் கட்டுரை.

கள்ளக்குறிச்சி ஜில்லா 2019-இல் பிறந்தது. பெயர்தான் புதிது; பூமி மிகப் பழையது. மேற்கே கல்வராயன் மலை நீலமாகப் படுத்திருக்க, பஸ் கிழக்கு நோக்கிக் கிளம்புகிறது. விழுப்புரத்துக்கு நெடுஞ்சாலையிலேயே நேராகப் போய்விடலாம். ஆனால் தியாகதுருகம் தாண்டித் திருக்கோவிலூர் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. தென்பெண்ணைக் கரையிலுள்ள அந்த ஊர் சங்க காலத்தில் மலையமான் திருமுடிக்காரியின் நாட்டைச் சேர்ந்தது. ஆற்றிலே நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்று காட்டுவார்கள். காரியைக் கபிலர் பாடிவிட்ட பிறகு, மாறோக்கத்து நப்பசலையார் என்ற புலவருக்கும் அவனைப் பாட ஆசை. என்ன சொல்லிப் பாடுவது? மேலைக் கடலில் சேரனுடைய மரக்கலம் பொன் கொண்டுவரும் வழியில் வேறு கலம் போக முடியாது. கபிலர் பாடிய பிறகு என் பாட்டும் அப்படித்தான் என்கிறார். புறநானூற்றில் 126-ஆம் பாட்டு அது. கடலையே காணாத மலைநாட்டுத் தலைவனைப் புகழ வந்த இடத்தில், பொன் சுமந்து வரும் கப்பல் உவமையாக வருகிறது பாருங்கள்! உள்நாட்டில் இருந்தவர்களுக்கும் அந்தக் கப்பல்கள் அவ்வளவு பழக்கம். கவியின் கற்பனை மட்டும்தானா என்றால் இல்லை; திருக்கோவிலூர் வட்டாரத்து மண்ணிலிருந்து ரோமானியப் பொற்காசுகளே கிடைத்திருக்கின்றன.

விழுப்புரம், புதுச்சேரி எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வழிதான். புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி, கடல் பக்கமாகத் திரும்ப வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் என்ன தெரிகிறது? மாமரங்கள், தென்னை மரங்கள், மேடான மண், அதற்கு அப்பால் ஓசைப்படாமல் ஓடும் ஆறு. செங்கல் தூண்களோடு பாழடைந்த கட்டடம் ஒன்றும் நிற்கிறது. வருகிறவர்கள் அனைவரும் அதன் முன்னால்தான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். "ஆகா, ரோமானியர் கட்டியது!" என்று குழந்தைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறார்கள். ரோமானியருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. சயாம் பக்கத்திலிருந்து யுத்தத்துக்குத் தப்பி வந்த கிறிஸ்தவக் குருமார் கல்லூரிக்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த கட்டடம் அது. ரோமானியர் காலத்துப் பட்டினம் உங்கள் காலடியில் இருக்கிறது. தோண்டிய குழிகளை ஆராய்ச்சி முடிந்ததும் மண் போட்டு மூடிவிட்டார்கள். சுவர்கள் கெடாமல் இருக்க அதுதான் வழி.

மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1769-ஆம் வருஷத்துச் சாட்சியே இருக்கிறது. லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானசாஸ்திரி அப்போது புதுச்சேரியில் இருந்தார். பாவம், அவரைப்போல் துரதிர்ஷ்டசாலி கிடையாது. சூரியனுக்குக் குறுக்கே சுக்கிரன் போவதைப் பார்ப்பதற்காகப் பிரான்ஸிலிருந்து புறப்பட்டவர். 1761-இல் அது நிகழ்ந்தபோது யுத்தத்தின் காரணமாகக் கரை இறங்க முடியாமல் நடுக்கடலில் இருந்தார். எட்டு வருஷம் காத்திருந்தார். 1769-இல் அந்த நேரம் வந்தது. மேகமும் வந்து மூடிக்கொண்டது! ஊருக்குத் திரும்பிப் போனால், அவர் இறந்துவிட்டதாக எண்ணி உறவினர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்களாம். ஆகாயத்தில் பார்க்க வந்ததைப் பார்க்காத அந்த மனிதர் பூமியில் ஒன்றைப் பார்த்தார். வீராம்பட்டினத்துப் பக்கம் ஆற்றங்கரையில் பழைய காலத்துப் பெரிய செங்கற்களை ஜனங்கள் பெயர்த்தெடுப்பதைக் கவனித்துத் தம் புத்தகத்தில் எழுதிவைத்தார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பட்டினம் இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல், செங்கல் செங்கலாக வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. மிச்சத்தை ஆறு அரித்துக்கொண்டிருந்தது.

விழித்துக்கொண்டவர்கள் குழந்தைகள்தாம். மழை பெய்து ஓய்ந்தால் மேட்டில் கண்ணாடி மணியும் கல்மணியும் மின்னும். பிள்ளைகள் பொறுக்கிக் கொண்டுபோய்ப் புதுச்சேரியில் இருந்த ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியரிடம் கொடுத்துக் காசு வாங்குவார்கள். அப்படி 1937-இல் வந்த ஒரு கல்லில் மனிதத் தலை செதுக்கியிருந்தது. ரோமானியச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் தலை என்று அவர் முடிவு கட்டினார். 1941-இல் பிரெஞ்சுக்காரர்கள் சிலர் தோண்டிப் பார்த்தார்கள். கிடைத்தவற்றில் கொஞ்சம் வியட்நாமிலுள்ள ஹனாய்க்குப் போயிற்று, கொஞ்சம் சென்னை மியூசியத்துக்கு வந்தது.

அந்தச் சென்னை மியூசியத்து அலமாரியில்தான் கதையே திரும்புகிறது. 1944-இல் இந்தியத் தொல்பொருள் இலாகாவின் தலைவராக வந்த மார்டிமர் வீலர் சென்னைக்கு வந்தபோது, அலமாரியில் ஒரு மண்சாடியின் உடைந்த கழுத்தையும் கைப்பிடியையும் பார்த்தார். அது மத்தியதரைக் கடல் நாடுகளில் திராட்சை மது அனுப்புகிற சாடி என்பது அவருக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. எங்கே கிடைத்தது என்று கேட்டார், அரிக்கமேடு என்றார்கள். அடுத்து அவர் போன இடம் புதுச்சேரி. 1945-இல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்த மண்ணில் முறையாகத் தோண்டினார்.

உடைந்த சாடிக்கு இத்தனை அமர்க்களமா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. தென்னாட்டில் எங்கே தோண்டினாலும் பானை ஓடு வண்டி வண்டியாய்க் கிடைக்கும். எந்த ஓடு எந்தக் காலத்தது என்று அடித்துச் சொல்லத்தான் வழியில்லாமல் இருந்தது. இத்தாலியில் அரேஸ்ஸோ என்ற ஊரில் சிவப்பாக மெருகேற்றிய தட்டுகள் செய்வார்கள். செய்தவன் பெயரை அடியில் முத்திரையாகக் குத்துவார்கள். எந்தப் பட்டறை எப்போது நடந்தது என்பது ஐரோப்பிய ஆராய்ச்சிக்காரர்களுக்கு அத்துபடி. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவோடு அந்தத் தட்டுகளின் காலம் முடிகிறது. அந்தத் தட்டின் துண்டுகள், "விபியே", "கமுரி", "இட்டா" என்ற முத்திரைகளோடு, அரிக்கமேட்டில் கிடைத்தன! பாட்டி வீட்டுப் பரணில் பழைய பெட்டியைத் திறக்கிறீர்கள். உள்ளே தேதி போட்ட கல்யாணப் பத்திரிகை ஒன்று அகப்பட்டால், அதனடியில் மடித்து வைத்திருக்கும் பட்டுப் புடவைக்கு என்ன வயது என்பதும் தெரிந்துவிடுகிறது அல்லவா? அதேதான் இங்கே நடந்தது. அரேஸ்ஸோத் தட்டோடு ஒரே மண் அடுக்கில் கிடந்த நம்மூர்ச் சட்டிகளுக்கு வயது தெரிந்தது. அதே மாதிரிச் சட்டி வேறு ஊரில் கிடைத்தால் அந்த ஊருக்கும் வயது தெரிந்தது. தென்னிந்தியாவின் பழைய சரித்திரத்துக்கு அடித்த முதல் உறுதியான முளை என்றே இதைச் சொல்லலாம்.

வீலர் ஒரு நீளமான செங்கல் கட்டடத்தைக் கண்டார். 150 அடிக்கு மேல் நீளம். சரக்குக் கிடங்கு என்றார். தொட்டிகள் கட்டிய முற்றங்களையும் கண்டு, துணிக்குச் சாயம் தோய்த்த இடம் என்றார். முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில் 'பொதுகே' என்று சொல்லப்படும் துறைமுகம் இதுவே என்பதும் அவர் முடிவு. இன்று பல அறிஞர்கள் ஒப்புக்கொள்ளும் முடிவு அது.

ஆனால் இத்தாலிச் சரக்கு வந்த பிறகே இந்தப் பட்டினம் தலையெடுத்தது என்று அவர் நினைத்ததை மட்டும் காலம் திருத்தியிருக்கிறது. 1947 முதல் 1950 வரை காஸல் என்பவரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற அம்மையாரும் மீண்டும் தோண்டினார்கள். பெக்லி அம்மையாரோடு சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உழைத்தது. ரோமானியச் சரக்கு வருவதற்கு வெகு முன்பே இங்கே ஊர் இருந்தது, அது நின்ற பிறகும் ஊர் இருந்தது என்பது தெரிந்தது. சோழர் காசும் சீனத்துப் பீங்கானும்கூடக் கிடைத்தன. உட்புறம் புள்ளி வரிசை ஓட்டிய அழகான தட்டுகள் சிலவற்றை முதலில் மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ணியிருந்தார்கள். அவை இந்தியக் குயவர்களின் கைவேலை என்று இப்போது கொள்கிறார்கள். மணிகளோ சொல்லவே வேண்டாம். உருக்கிய கண்ணாடியை மெல்லிய குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிச் செய்த மணிகள் இவ்வூர்ப் பட்டறைகளில் உருவாயின. கீழைக் கடல் நாடுகளிலும் இவ்வகை மணிகள் கிடைக்கின்றன. ஆக, மேற்கே இருந்து மது வந்தது உண்மை. ஆனால் கடை நம்முடையது. இதை ரோமானிய நகரம் என்று சொல்வதைவிட, ரோமாபுரி வாடிக்கை வைத்திருந்த தமிழ்ப் பட்டினம் என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டில் மணியோ ஓடோ கண்ணில் பட்டால் கையில் எடுத்துப் பார்க்கட்டும்; பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். இது பாதுகாக்கப்பட்ட இடம். தவிர, எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத ஓடு, தேதி கிழிந்துபோன கல்யாணப் பத்திரிகைதான்.

ஆசை தீர மணிகளையும் மதுச்சாடித் துண்டுகளையும் பார்க்கப் புதுச்சேரியில் செயின்ட் லூயி வீதி மியூசியத்துக்குப் போங்கள். மேட்டைப் பார்த்துவிட்டு மியூசியத்துக்குப் போவதுதான் நல்லது. முதலில் மியூசியத்தைப் பார்த்துவிட்டால் மேடு வெறும் மேடாகத் தோன்றிவிடும். அரிக்கமேட்டு ஓடுகளில் சிலவற்றில் தமிழ் பிராமி எழுத்தில் பெயர்கள் கீறியிருந்தன என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் சட்டி, உன் சட்டி என்று சண்டை வராமலிருக்கச் சொந்தக்காரர் கீறிய பெயராகத்தான் இருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் பொழுது மிச்சமிருந்தால் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை என்ற கிராமத்தில் இறங்குங்கள். அங்கே பாறைக் குகையொன்றில், அதியமான் நெடுமான் அஞ்சி துறவிகளுக்கு இருப்பிடம் கொடுத்த செய்தி வெட்டியிருக்கிறது. 1981-இல் கண்டெடுத்தார்கள். அரிக்கமேட்டுச் சட்டியில் கீறிய அதே எழுத்து.