தண்ணீர் வந்த வழி – 14: தொட்டால் சுடாத கொதிநீர்

ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சில் கால் பாகம் வெந்நீரை உறிஞ்சிக்கொள்ளுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். முனையைக் கட்டைவிரலால் இறுக்கி அடைத்துவிட்டு, தண்டை வேகமாகப் பின்னுக்கு இழுங்கள். உள்ளே இருக்கும் நீர் குமிழ் குமிழாகக் கொதிக்கும். அடுப்பும் இல்லை, தீயும் இல்லை. மேலே அழுத்தும் காற்றை விலக்கிவிட்டோம், அவ்வளவுதான்.

சென்ற வாரம் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைச் சவ்வு வழியாக அழுத்திப் பிழிவதைப் பார்த்தோம். இந்த வாரம் சவ்வே இல்லாத வழி. அதற்கு லட்சத்தீவுக்குப் போக வேண்டும்.

கவரத்தி ஒரு பவளத்தீவு. ஆறு கிடையாது. பெய்த மழை மணலுக்கடியில், உப்புநீரின் மேல் மெல்லிய ஏடாக மிதந்துகொண்டிருக்கும். கிணற்றில் கொஞ்சம் அதிகமாக இறைத்தால் ஏடு கிழிந்து உவர் ஏறிவிடும். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் (என்.ஐ.ஓ.டி.) 2005-ல் இங்கே ஒரு நிலையத்தை அமைத்தது. நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் குடிநீர். அன்றைக்குத் தீவின் மக்கள்தொகை சுமார் பத்தாயிரம். ஆளுக்குப் பத்து லிட்டர். குடிக்கவும் உலை வைக்கவும் ஆகும்.

வேலை நடக்கும் விதம் இதுதான். கடலின் மேல்மட்ட நீர் அங்கே ஏறக்குறைய 28 டிகிரி. அதைக் காற்று நீக்கிய ஒரு பெரிய கலத்துக்குள் விடுகிறார்கள். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. நீர் நுழைந்ததும் கொதிக்கிறது. கொதிக்க வேண்டிய வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்வதால், ஐந்தாறு டிகிரி குளிர்ந்தும்விடுகிறது. நூறு குடம் உள்ளே போனால் ஒரு குடம்தான் ஆவியாகும். மற்ற தொண்ணூற்றொன்பதும் மறுபடி கடலுக்கே. உப்பு ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும் என்பதால் பவளத்துக்குப் பெரிய தொந்தரவில்லை. சவ்வு நிலையம் வெளியேற்றும் அடர்ந்த உப்புநீரோடு ஒப்பிட்டால், எனக்கு இந்த முறையில் பிடித்ததே இதுதான்.

எழுந்த ஆவியைத் திரும்ப நீராக்கக் குளிர்ச்சி வேண்டும். அதையும் கடலே தருகிறது. 350 மீட்டர் ஆழத்தில் நீர் 12, 13 டிகிரிதான். குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் வியர்க்குமே, அதேபோல அந்த ஆழ்நீர் ஓடும் குழாய்களின் மேல் ஆவி முத்து முத்தாகப் படிந்து சொட்டுகிறது. அந்தச் சொட்டுகள்தான் குடிநீர்.

சொல்ல எளிது. ஆழத்துக் குளிர்நீரை மேலே கொண்டுவரும் குழாய் சுமார் 600 மீட்டர் நீளம், ஓர் ஆள் தவழ்ந்து போகும் அகலம். பாலிஎத்திலீனில் ஆனது, தண்ணீரில் மிதக்கும். கனம் கட்டித்தான் அமிழ்த்த வேண்டும். துறைமுக வசதி இல்லாத தீவில், பருவக்காற்று தொடங்குவதற்கு முன் இதை இறக்கி நிறுத்தியவர்களின் உழைப்பு எந்தப் பாடப்புத்தகத்திலும் இடம்பெற வேண்டியது. 2011-ல் மினிக்காய், அகத்தித் தீவுகளுக்கும் இதே முறை போனது.

குறையும் உண்டு. வெப்பம் இலவசம், பம்புகளுக்கான மின்சாரம் இலவசமில்லை. கடல்நீரில் கரைந்திருக்கும் காற்று கலத்துக்குள் விடாமல் கசிந்துகொண்டே இருப்பதால் வெற்றிடப் பம்பு ஓயக் கூடாது. மின்செலவு சவ்வு முறையைவிட அதிகம். தீவுகளிலோ அந்த மின்சாரம் பெரும்பாலும் டீசலில் வந்தது. அதனால்தான் அதே கடல் வெப்பத்திலிருந்து மின்சாரமும் எடுத்து நிலையத்தை ஓட்டும் வேலையைக் கவரத்தியில் கையில் எடுத்திருக்கிறார்கள்.

நம் கரைக்கு இது வராதா? பவளத்தீவை ஒட்டிக் கடல் செங்குத்தாக இறங்குகிறது. சென்னையிலோ அந்த ஆழத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர் போக வேண்டும். 2007-ல் அங்கேயே ஒரு மிதவையை நிறுத்தி, நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் எடுக்க முடியும் என்று காட்டினார்கள். நிரந்தர ஊருணியாக அது ஆகவில்லை.

ஆனால் 2009-ல் வடசென்னை அனல்மின் நிலையத்தில் செய்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். மின்நிலையம் குளிர்விக்க எடுத்த கடல்நீர், சூடேறித் திரும்பக் கடலில் விழுகிறது. அந்தச் சூட்டில் ஆவி எழுப்பி, சாதாரணக் கடல்நீராலேயே அதைக் குளிர்வித்தார்கள். ஆழ்கடல் குழாயே தேவைப்படவில்லை. கிடைத்தது நாளொன்றுக்கு 1.5 லட்சம் லிட்டர். மீஞ்சூரின் 10 கோடி லிட்டருக்கு முன் சிறு துளிதான். ஆனால் எண்ணூர் மீனவர்கள் பல ஆண்டுகளாகக் குறை சொல்லிவரும் அதே சுடுநீரிலிருந்து வந்த துளி அது.

(தொடரும்)