ஒரு செமஸ்டருக்கு எத்தனை பாடம்? முடிவு செய்வது யார்?

ஒரு மாணவர் ஒரு செமஸ்டரில் அதிகபட்சம் எத்தனை பாடங்களைப் படிக்கலாம் என்பதற்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவரே பாடங்களைத் தேர்ந்து பதிவு செய்கிறார். செமஸ்டருக்கு 15 கிரெடிட் என்பது அங்கே வழக்கமான அளவு. 18-ஐத் தாண்ட வேண்டுமானால் பல இடங்களில் தனி அனுமதி பெற வேண்டும். பாடத்திட்டம், கற்பிக்கும் முறை போன்றவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுடையது என்பதை 1966-இல் அந்நாட்டுப் பேராசிரியர் சங்கமும் கல்லூரி நிர்வாக அமைப்புகளும் சேர்ந்து உருவாக்கிய அறிக்கை வகுத்துச் சொன்னது. பாடச் சுமையின் வரம்பும் அந்தப் பொறுப்புக்குள் அடங்குவதுதான்.

தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்தில் உள்ள அரசு மகளிர் கலை அறிவியல் கல்லூரியில் நிலைமை வேறு. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் இணைவு பெற்ற கல்லூரி அது. அங்கு சேரும் மாணவி பாடங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து பதிவு செய்வதில்லை. அவருக்கான பாடங்கள் கால அட்டவணையாகவே வந்து சேர்கின்றன. ஆறு டே ஆர்டர், அதாவது வரிசையாகச் சுழலும் ஆறு வேலை நாள், டே ஆர்டருக்கு ஐந்து மணி நேரம், மொத்தம் வாரத்துக்கு 30 மணி நேரம் என்பது தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் பழகிய கணக்கு. வரம்பு என்று எங்கும் எழுதப்படாவிட்டாலும், அந்த 30 மணி நேரம்தான் நடைமுறையில் வரம்பு.

அதற்குள் என்ன இருக்கிறது என்பதைத் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் பார்க்கலாம். முதல் செமஸ்டரில் தமிழுக்கு வாரம் 6 மணி நேரம், 3 கிரெடிட். ஆங்கிலத்துக்கும் அதே அளவு. முதன்மைப் பாடங்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 5 மணி நேரம், 5 கிரெடிட். விருப்பப் பாடம் ஒன்றுக்கு 4 மணி நேரம், 3 கிரெடிட். திறன் மேம்பாட்டுப் பாடத்துக்கும் அடித்தளப் பாடத்துக்கும் தலா 2 மணி நேரம், 2 கிரெடிட். கூட்டினால் ஏழு பாடம், 30 மணி நேரம், 23 கிரெடிட். ஆறு செமஸ்டருக்கும் சேர்த்து 140 கிரெடிட்.

விருப்பப் பாடம் என்று பெயர் இருந்தாலும், அதைப் பெரும்பாலும் தேர்வு செய்வது மாணவி அல்ல, துறை. மூன்று பாடங்களிலிருந்து ஒன்றை எடுக்கலாம் என்று பாடத்திட்டம் சொல்லும். மூன்றையும் நடத்த ஆசிரியர் வேண்டும், வகுப்பறை வேண்டும், அட்டவணையில் ஒரே மணி நேரம் ஒழிய வேண்டும். நிரந்தர இடங்கள் காலியாகி, கௌரவ விரிவுரையாளர்களை வைத்து வகுப்புகளை நகர்த்தும் துறையில் ஒரு பாடத்தைத்தான் நடத்த முடியும். அதுவே எல்லோருக்கும் விருப்பப் பாடமாகிவிடுகிறது.

கிரெடிட் என்ற அளவே அமெரிக்காவில் பிறந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராக 1869 முதல் 1909 வரை இருந்த சார்லஸ் எலியட், மாணவர்கள் தங்கள் பாடங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாக்கினார். ஆளுக்கொரு பாடம் படித்தால் யார் எவ்வளவு படித்தார் என்று ஒப்பிட ஓர் அலகு வேண்டுமல்லவா? 1905-இல் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காகத் தொடங்கப்பட்ட கார்னகி அறக்கட்டளை, தன் உதவியைப் பெறும் கல்லூரிகளுக்கு வைத்த நிபந்தனைகளால் மணிக்கணக்கில் படிப்பை அளக்கும் வழக்கம் வேரூன்றியது. ஐரோப்பா மாணவரின் மொத்த உழைப்பை அளவாக எடுத்துக்கொண்டது. அங்கே ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட் என்றால் 1,500 முதல் 1,800 மணி நேர வேலை. வகுப்பு, வீட்டில் படிப்பது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதில் அடக்கம்.

இந்தியாவில் பல காலமாக வாரம் ஒரு மணி நேர விரிவுரை அல்லது இரண்டு மணி நேரச் செய்முறை ஒரு கிரெடிட் என்று கணக்கிடப்பட்டது. புதிய தேசிய கிரெடிட் கட்டமைப்பு ஐரோப்பிய வழிக்கு வந்திருக்கிறது. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரக் கற்றல், ஆண்டுக்கு 40 கிரெடிட், அதாவது 1,200 மணி நேரம். 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் போதும் என்கிறது. செமஸ்டருக்கு 20 வருகிறது.

தேசியக் கணக்கையும் தமிழ்நாட்டுக் கணக்கையும் பக்கத்தில் வைத்தால் மாணவியின் வாரம் தெரியும். 90 வேலை நாள் கொண்ட செமஸ்டர் 15 வாரம். 20 கிரெடிட் என்றால் 600 மணி நேரம், வாரத்துக்கு 40. 23 கிரெடிட் என்றால் 690 மணி நேரம், வாரத்துக்கு 46. வகுப்பு 30 போக, வீட்டில் வாரம் 16 மணி நேரம் படிக்க வேண்டும். சுற்றுவட்டாரக் கிராமத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து, திரும்பிப் போய், தண்ணீர் எடுத்து, மாடு பார்த்து, தக்காளி பறிப்பு நாளில் வயலுக்கும் போகிற பெண்ணுக்கு அந்த 16 மணி நேரம் எங்கிருந்து வரும் என்பதை எந்தப் பாடத்திட்டமும் கேட்பதில்லை. பாடச் சுமை என்பது கடைசியில் அவளுடைய நேரத்தைப் பற்றிய முடிவு. அதனால்தான் அந்த முடிவை எடுப்பவர் யார் என்பது முக்கியம்.

சட்டப்படி அது ஆசிரியர்கள் நிறைந்த குழுக்களின் வேலை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பாடத்திட்டக் குழு உண்டு. பேச்சு வழக்கில் போர்டு ஆஃப் ஸ்டடீஸ். என்னென்ன பாடங்கள், எத்தனை மணி நேரம், எத்தனை கிரெடிட் என்று முதலில் எழுதுவது அதுதான். அது கல்விசார் உயர் குழுவுக்குப் போகும். அங்கிருந்து ஆட்சிக்குழு, அதாவது சிண்டிகேட். பணம், பணியிடம், நிர்வாகம் ஆகியவை சிண்டிகேட்டின் பொறுப்பு. படிப்பின் தரம் கல்விசார் குழுவின் பொறுப்பு.

இந்தப் பிரிவினை தானாக அமைந்ததல்ல. 1857-இல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து உருவான சென்னைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் தேர்வு நடத்தும் அமைப்பாகவே இருந்தது. கற்பித்தவர்கள் கல்லூரிகளில் இருந்தார்கள். சாட்லர் தலைமையிலான கல்கத்தா பல்கலைக்கழக ஆணையம் 1919-இல் தந்த அறிக்கை, கல்வி விஷயங்களுக்கு ஆசிரியர்களைக் கொண்ட தனி அவை வேண்டும் என்று வலியுறுத்தியது. 1923-ஆம் ஆண்டின் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் அப்படியோர் அவையை அமைத்தது. தருமபுரி, சேலம் வட்டாரக் கல்லூரிகள் 1997-இல் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கப்படும் வரை சென்னையின் கீழ்தான் இருந்தன. 1978-இல் லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி போன்றவற்றுக்குத் தன்னாட்சி கிடைத்தபோது, பாடத்திட்டம் எழுதும் உரிமை முதன்முறையாகக் கல்லூரி ஆசிரியர் கைக்கே வந்தது. காரிமங்கலம் போன்ற இணைவுக் கல்லூரிகளுக்கு அந்த உரிமை இல்லை. சேலத்தில் கூடும் குழு முடிவெடுக்கும், கல்லூரி நடத்தும்.

2023-இல் அந்தக் குழுக்களின் அதிகாரமே விவாதத்துக்கு வந்தது. மாநில உயர்கல்வி மன்றம் கலை அறிவியல் கல்லூரிகள் அனைத்துக்கும் பொதுப் பாடத்திட்டம் தயாரித்தது. கல்லூரி மாறும் மாணவருக்கு வசதி, வேலைக்குத் தகுதி சமம் என்பது அரசின் வாதம். பாடத்திட்டக் குழுவின் வேலையை மன்றம் எடுத்துக்கொண்டால் தன்னாட்சிக்கு என்ன பொருள் என்று தன்னாட்சிக் கல்லூரிகளும் ஆசிரியர் அமைப்புகளும் கேட்டன. தன்னாட்சிக் கல்லூரிகள் விரும்பினால் ஏற்கலாம் என்று அப்போதைய உயர்கல்வி அமைச்சர் க. பொன்முடி விளக்கினார். அப்போது வேந்தராக இருந்த ஆளுநர் ஆர்.என். ரவி, பொதுப் பாடத்திட்டம் கட்டாயமல்ல என்று துணைவேந்தர்களுக்கு எழுதினார். அரசுக்கும் ஆளுநருக்குமான இழுபறியாகவே செய்திகளில் இது பேசப்பட்டது. வகுப்பில் நிற்கும் ஆசிரியரின் குரல் அதில் அடங்கிப்போனது வருத்தத்துக்குரியது. பெரியார் பல்கலைக்கழகம் மாதிரிப் பாடத்திட்டத்தை ஒட்டியே 2023–24 முதல் தன் பாடத்திட்டங்களை அமைத்தது.

தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் திறன் பாடங்களும் அடுத்தடுத்து கல்லூரி அட்டவணைக்குள் வந்தன. கணினித் திறனும் வேலைவாய்ப்புப் பயிற்சியும் கிராமத்து மாணவிக்குக் கிடைப்பது நல்லதே. ஆனால் ஒன்றைச் சேர்க்கும்போது எதைக் குறைப்பது என்று கேட்பதற்குத்தான் கல்விசார் குழு இருக்கிறது. சேர்க்கும் ஆணை ஒரு வழியில் வந்து, குறைக்கும் அதிகாரம் வேறொருவரிடம் இருந்தால் சுமை ஏறிக்கொண்டேதான் போகும்.

பொறியியல் பக்கம் எழுத்திலேயே வரம்பு இருக்கிறது. தருமபுரி செட்டிக்கரையிலுள்ள அரசு பொறியியல் கல்லூரி உட்பட இணைவுக் கல்லூரிகளுக்கான அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறை, ஒரு செமஸ்டரில் 36 கிரெடிட்டுக்கு மேல் பதிவு செய்யக் கூடாது என்றது. கூடுதலாகச் சேர்ப்பதோ கைவிடுவதோ 6 கிரெடிட்டுக்குள், அதிகபட்சம் இரண்டு பாடம். அரியர் பாடங்கள் அந்த 36-இல் சேராது. உண்மையான சுமை ஒளிந்திருப்பது அங்கேதான். நடப்புச் செமஸ்டரின் ஏழு பாடத்தோடு பழைய நான்கு பாடத்தையும் எழுதுகிறவருக்கு மொத்தம் பதினொரு தேர்வு. காகிதத்தில் அவர் வரம்புக்குள்தான் இருக்கிறார். இதே விதிமுறை அரியர் தேர்வை அடுத்த செமஸ்டரிலேயே எழுத விடாமல் தள்ளிப்போட்டதற்கு மாணவர்கள் போராடினார்கள். பின்னர் அது தளர்த்தப்பட்டது. பட்டம் தாமதமாகும் என்ற அவர்கள் அச்சம் நியாயமானது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் எழுதினால் எதையும் ஒழுங்காகப் படிக்க முடியாது என்பதும் உண்மை.

சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழி பி.எஸ். படிப்பு வேறொரு வழியைக் கையாள்கிறது. முந்தைய தேர்வுகளில் ஒருவர் எப்படிச் செய்தார் என்பதை வைத்து, அடுத்த பருவத்தில் எத்தனை பாடம் எடுக்கலாம் என்று தீர்மானிக்கிறார்கள். நன்றாகச் செய்தவருக்கு இடம் கூடும், தடுமாறியவருக்குக் குறையும். எல்லோருக்கும் ஒரே எண் என்ற வரம்பைவிட இது நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் பாடம் பாடமாகக் கட்டணம் கட்டி, தன் வேகத்தில் முடிக்க முடிகிற படிப்பில்தான் அது இயலும்.

2024 நவம்பரில் மானியக் குழு இன்னொரு வாசலைத் திறந்தது. சென்னை ஐ.ஐ.டி. இயக்குநர் வீ. காமகோடி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, மூன்றாண்டுப் பட்டத்தை விரும்புவோர் ஐந்து செமஸ்டரில் முடிக்கலாம், அல்லது இரண்டு செமஸ்டர் வரை கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். விரைவுப் படிப்புக்கு மொத்த இடங்களில் 10 சதவீதம் வரைதான் அனுமதி. யாருக்குத் தருவது என்பதைக் கல்லூரி அமைக்கும் குழு முதல் அல்லது இரண்டாம் செமஸ்டர் முடிவில் பரிசீலிக்கும். 120 கிரெடிட்டை ஐந்தால் வகுத்தால் செமஸ்டருக்கு 24. தமிழ்நாட்டின் 140-ஐ வகுத்தால் 28. மணிக்கணக்கில் வாரத்துக்கு 56. வாரம் 30 மணி நேர அட்டவணையில் இதற்கு இடமே இல்லை. கூடுதல் பாடங்களை ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளத்தில் எடுக்கலாம். 2021 விதிப்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை அங்கிருந்து பெறலாம். அதற்கு வீட்டில் நல்ல இணைப்பும் தனியாக உட்கார ஒரு மூலையும் வேண்டும்.

காரிமங்கலம் மாணவிக்கு அதிகம் பயன்படக்கூடியது நீட்டிக்கப்பட்ட படிப்புதான். திருமணம், பிரசவம், அறுவடை, வீட்டில் ஒருவருக்கு உடல்நலக் குறைவு என்று ஒரு செமஸ்டர் பாதியில் நிற்கும்போது, படிப்பை விடுவதைவிடப் பாதிச் சுமையோடு தொடர்வது எவ்வளவோ மேல். அது நடக்கப் பாடத்திட்டக் குழுவின் தீர்மானம் மட்டும் போதாது. வாரம் 30 மணி நேரத்தை எல்லோருக்கும் ஒன்றாக வைத்துக் கணக்கிடும் 75 சதவீத வருகைப்பதிவு விதியை, பதிவு செய்த பாடத்துக்கு மட்டும் என்று மாற்ற வேண்டும். 2022 செப்டம்பர் 5 முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், கல்வி உதவித்தொகை, விடுதி இடம் ஆகியவை நான்காம் ஆண்டுக்கும் தொடரும் என்று அரசாணை வர வேண்டும். முதல் திருத்தம் சேலத்தின் கையில், இரண்டாவது சென்னையின் கையில்.